வெளிநாட்டவர் வரிசையில் அக்கா

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. பிறருடைய பயணங்களைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறேன். சொந்தக் குடும்பத்தோடு சென்று வந்த ஒரு பயணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து, இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப் போட்டு வந்தேன். இனியும் தள்ளிப் போடுவது சரியல்ல. அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் தமிழ்நாட்டின் கோத்தகிரியிலிருந்து என் அக்கா வந்தார். கூடவே அவருடைய மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர். மருமகன் கணினித் துறையில் இருப்பவன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தபோது பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலைவனத்துத் தேசிய பூங்காக்களையெல்லாம் சுற்றிக் காட்டியவன். கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கின் விளிம்பில் நடந்ததையும், முதுகில் தண்ணீரைச் சுமந்துகொண்டு வெயிலேறுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும் என்று ஓடியதையும் பிள்ளைகள் இன்னமும் சொல்வார்கள். "மாமா, அதே மாதிரி ஒரு பயணம் உங்க ஊர்ல போகணும். அம்மா பிறந்த மலையில நடக்கணும்" என்று அவன் தொலைபேசியில் சொன்னபோது மகிழ்ச்சியாகவும் இருந்தது, உள்ளுக்குள் சிறிது அச்சமாகவும் இருந்தது.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்துக் காம்பராவில் பிறந்தவன். ஆனால் பல்கலைக்கழகத்திலும், அதன்பின் கொழும்பில் பத்திரிகை அலுவலகத்திலும் "ஊர் எங்கே?" என்று யாராவது கேட்டால் "ஹட்டன்" என்று மட்டுமே சொல்லிப் பழகியவன். ஹட்டன் என்றால் நகரம். கடை வைத்திருப்பவர் பிள்ளையாகவும் இருக்கலாம், ஆசிரியர் பிள்ளையாகவும் இருக்கலாம். கேட்பவர் எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். தோட்டத் தொழிலாளரின் சம்பளத்தைப் பற்றியும் வீட்டுப் பிரச்சினையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிய அதே ஆள்தான் இப்படியும் இருந்தேன்.

கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேன வழியாக வேன் மலையேறியது. ஹட்டனை நெருங்கியபோது அக்கா, "தம்பி, டேசனுக்குப் போயிட்டுப் போவோமா?" என்று கேட்டார். அதுவரை அவர் அதிகம் பேசவில்லை.

ஹட்டன் புகையிரத நிலையத்தில் அக்காவை நான் வழியனுப்பியது 1975ஆம் ஆண்டில். எனக்கு அப்போது ஏழு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பத்தாண்டுகள் கழித்து 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் அப்பா இலங்கைக்கு மனுப் போட்டிருந்தார். அக்காவுக்கு வாய்த்த புகுந்த வீட்டார் இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார்கள். தாலி ஏறிய எட்டாம் மாதம் அக்கா இந்தியப் பிரஜையானார். தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் சனம் தவித்த காலத்தின் வால் அது. "போற எடத்துலயாவது வயிறாரச் சாப்பிடட்டும்" என்று அம்மா சொன்னது நினைவிருக்கிறது.

தாயகம் திரும்புவோர் ஏறிய அந்த ரயிலை மலையகத்தில் "அழுகைக் கோச்சி" என்பார்கள். பெயரை விளக்க வேண்டியதில்லை. பொல்காவலை, மதவாச்சி என்று இறங்கித் தலைமன்னாருக்குப் போய், இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்து, அங்கிருந்து மண்டபம் முகாம். பூட்டன் பாட்டன்மார் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். பேத்தி அதே கடலை எதிர்த்திசையில் கடந்தார்.

நிலைய மேடையில் அக்கா ஒரு பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். "இந்த எடந்தான். நீ என் முந்தானையைப் பிடிச்சிக்கிட்டு விடமாட்டேன்னு நின்ன. அம்மா உன் கையைப் பிரிச்சு எடுத்தா" என்றார். எனக்கு ரயிலின் புகையும் தகரப் பெட்டியும்தான் நினைவில் இருந்தன. முந்தானை நினைவில் இல்லை. அதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் அதிகாலை நான்கரை மணிக்கு நுவரெலியாவிலிருந்து ஹோட்டன் சமவெளிக்குப் புறப்பட்டோம். அம்பேவலையின் மேய்ச்சல் நிலங்களைத் தாண்டி, இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையமான பட்டிப்பொலையைக் கடந்து மேலேறும்போது கண்ணாடியெல்லாம் பனி. 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ரொபர்ட் வில்மொட் ஹோட்டனின் பெயர் இந்தச் சமவெளிக்கு வைக்கப்பட்டது. அதற்கு முன்பே சிங்களத்தில் மகாஎலிய என்ற பெயர் உண்டு. 1988இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2100 மீற்றர் உயரம். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் தரும் மலைநிலம் இது. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டுடனும் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

நுழைவாயிலில் சீட்டு வாங்கும் இடத்தில் இரண்டு வரிசைகள். உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடப் பன்மடங்கு அதிகம். உலகின் பல பூங்காக்களில் உள்ள நடைமுறைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் மனைவியும் மகளும் ஒரு வரிசையில் நின்றோம். அக்கா, தன் மகன் குடும்பத்தோடு மற்ற வரிசையில் நின்றார். கடவுச்சீட்டைப் புரட்டிய இளம் அலுவலர் பிறந்த இடம் என்ற வரியில் ஹட்டன் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "அம்மே, மெஹெத இபதுனே?" என்று சிங்களத்தில் கேட்டார். இங்கேயா பிறந்தீர்கள் என்பது பொருள். அக்காவுக்கு ஐம்பது ஆண்டுகளாகச் சிங்களம் கேட்காத காது. ஆனால் புரிந்துவிட்டது. "ஒவ் மஹத்தயா" என்று தலையாட்டினார். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் இரண்டு கைகளாலும் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். கட்டணம் கட்டணம்தான். அதை அவரால் மாற்ற முடியாது.

அடுத்த சோதனையில் நாங்கள் கொண்டுபோன சாப்பாட்டுப் பொதிகளின் பொலித்தீன் உறைகளையெல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் வாழையிலையில் கட்டியிருந்த அக்காவின் பொதி மட்டும் அப்படியே உள்ளே போனது.

நடைபாதை ஒரு வட்டம். ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர். சிறிய உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரலாம். ஒன்பது மணிக்கு மேல் மூடுபனி ஏறிப் பள்ளத்தாக்கை மறைத்துவிடும் என்பதால் அதிகாலையிலேயே நடக்கத் தொடங்க வேண்டும். புல்வெளியில் மரைகள் மனிதரைப் பொருட்படுத்தாமல் மேய்ந்தன. மருமகன் பிள்ளைகளிடம், "அரிசோனாவில வெயிலுக்குப் பயந்து ஓடினோம், இங்க பனிக்குப் பயந்து ஓடுறோம்" என்றான்.

அக்கா நடப்பாரா என்பதுதான் என் கவலையாக இருந்தது. அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி வேறு. கடைசியில் அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தவன் நான்தான். ஏற்றத்தில் உடலைச் சற்று முன்சாய்த்து, காலைப் பக்கவாட்டில் வைத்து, நிற்காமல் ஒரே சீராக நடந்தார். தேயிலை மலையில் கூடை சுமந்து ஏறுகிற நடை அது. கோத்தகிரியிலும் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டத்தில் ஓய்வு பெறும்வரை கொழுந்துதான் எடுத்தார். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காக உருவாக்கப்பட்ட தோட்டங்கள் அவை. நாடு மாறியது, தொழில் மாறவில்லை.

வழியோரம் முடிச்சு முடிச்சாகத் திருகி நின்ற ஒரு மரத்தைப் பார்த்து, "இது எங்க காட்டுப் பூவரசுல்ல?" என்றார். நீலகிரியிலும் இங்கும் உயர்ந்த மலைகளில் வளரும், சிவப்புப் பூப்பூக்கும் அதே இன மரம். அடர்ந்து கிடந்த நெலுப் புதர்களைக் காட்டி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் என்று நான் சொன்னதும், "அப்ப இது குறிஞ்சிக்குச் சொந்தக்காரி" என்றார். உண்மைதான், இரண்டும் ஒரே பேரினம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இந்த மலைக்கும் இடையே கடல் இருப்பது செடிகொடிகளுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. அவற்றிடம் எந்த நாட்டுக்கு மனுப் போடுகிறாய் என்று யாரும் கேட்கவுமில்லை.

பேரன் ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, கீழ எல்லாம் டீ, இங்க மட்டும் ஏன் காடு?" நல்ல கேள்வி. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். சில ஆண்டுகளில் இலை நோய் கோப்பியைத் தின்று தீர்க்க, மலைகளெல்லாம் தேயிலைக்கு மாறின. இதற்கிடையே 1873இல் புகழ்பெற்ற தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாமல் விடும்படி ஆலோசனை கூறினார். மேலே காடு அழிந்தால் கீழே ஆறு வற்றும் என்பது அன்றே தெரிந்திருந்தது. மேலே இருந்த மரங்களைக் காப்பாற்ற ஒரு கோடு கிடைத்தது. கீழே இருந்த மனிதர்களுக்கு அப்படி ஒரு கோடு கிடைக்க, 2003ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேரனுக்கு முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

உலக முடிவை அடைந்தபோது மணி எட்டு. தரை அங்கே திடீரென்று முடிந்துவிடுகிறது. ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளம். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே கடல் தெரியும் என்பார்கள். பிள்ளைகள் கடலைத் தேடினார்கள். "கிராண்ட் கான்யன் இதைவிட ஆழம், ஆனா அங்க கீழ பச்சையே இல்ல" என்று பேத்தி ஒப்பிட்டுச் சொன்னாள். அக்கா கடலைத் தேடவில்லை. நேர்கீழே, பள்ளத்தின் அடியில், பச்சை விரிப்பில் வெள்ளைத் துணியைக் கிழித்துப் போட்டதுபோல ஒரு கோடு தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அந்தா பாரு லயம்."

நான் அந்த இடத்துக்கு அதற்கு முன் மூன்று முறையாவது வந்திருப்பேன். கட்டுரையும் எழுதியிருக்கிறேன். கடலைப் பற்றி, மேகத்தைப் பற்றி, பள்ளத்தைப் பற்றி எழுதியிருந்தேன். கீழே ஒரு தோட்டம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் கட்டுரையில் அந்த லயம் இருந்ததில்லை. சற்று நேரத்தில் பனி ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

மூன்றாம் நாள் மஸ்கெலியா. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் ஓரளவு நிறைந்திருந்தது. 1960களின் இறுதியில் அதன் அடியில் மூழ்கிய பழைய நகரத்தையும் கோவிலையும் பற்றிப் பிள்ளைகளுக்கு அக்கா கதை சொன்னார். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு முந்திய இரவே மருமகனும் என் மகளும் ஏறிவிட்டு, விடிந்து இறங்கி வந்திருந்தார்கள். அக்கா அடிவாரத்திலிருந்தே கும்பிட்டார். சிறுமியாக இருந்தபோது அம்மாவோடு ஏறியது போதும் என்றார்.

பிறகு நான் பயந்த இடத்துக்கு வந்தோம். எங்கள் தோட்டம்.

அம்மா இறந்தது 1996இல். நான் கொழும்பிலிருந்து வந்து அடக்கம் முடித்து, மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அதன்பின் அப்பாவும் தோட்டத்தை விட்டு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அங்கே போக வேலையில்லாமல் போயிற்று. அக்காவால் அன்று வர முடியவில்லை. கையில் பணமும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. நான் எழுதிய கடிதம்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கடிதத்தை அக்கா இருபத்தெட்டு ஆண்டுகள் பாதுகாத்து, இந்தப் பயணத்தில் கைப்பையில் கொண்டு வந்திருந்தார் என்பது லயத்து வாசலில் வேன் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. மடிப்புகளில் கிழிந்த நீலநிற விமானத் தபால்.

"நம்ம மலையிலயே அம்மாவை அடக்கம் பண்ணினோம்னு எழுதியிருக்க. எந்த மலை தம்பி?"

தோட்டங்களில் இறந்தவர்களைத் தேயிலைக்கு நடுவிலோ ஓரத்திலோ புதைப்பது வழக்கம். கல்லறை கட்டுவதில்லை. காலப்போக்கில் அதன்மீதும் தேயிலை படர்ந்துவிடும். சுற்றிலும் பார்த்தேன். எல்லா மலையும் ஒரே பச்சையாக இருந்தது. மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் நான் பெட்டிக்குப் பின்னால் தலை குனிந்து நடந்தது நினைவிருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினோம் என்பது நினைவில் இல்லை.

"தெரியலக்கா" என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. "ஊரு ஒலகத்துல நடந்ததெல்லாம் எழுதி வச்ச. இதை எழுதி வைக்கலையே" என்று மட்டும் சொன்னார். முப்பது ஆண்டுத் தொழிலில் பல ஆசிரியர்களிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். இதற்கு ஈடான ஒன்றை எவரும் சொன்னதில்லை.

இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த ஒரு முதிய பெண்மணி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவராம். என்னையும் பார்த்திருப்பார். அம்மாவின் பெயரைச் சொன்னதும், எழுந்து வந்து அக்காவின் முகத்தை இரண்டு கைகளாலும் தடவினார். பிறகு, "ஆறாம் நம்பர் மலை, மேக்கானுக்கு மேல. அந்த எடத்துல கொழுந்தெடுக்கிறப்ப நாங்க மிதிக்க மாட்டோம், சுத்தித்தான் போவோம். இப்ப எடுக்கிற புள்ளைகளுக்கும் சொல்லித்தான் வச்சிருக்கு" என்றார்.

கண்டியிலிருந்து ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியா வரை, இருபத்திரண்டு கட்டங்களாக முன்னூறு கிலோமீற்றருக்கு நீளும் பீகோ நடைபாதை என்ற ஒன்று அண்மைக் காலத்தில் உருவாகியிருக்கிறது. தேயிலை மலைகளின் பழைய பாதைகளில் வெளிநாட்டுப் பயணிகள் கைத்தடியோடு நடக்கிறார்கள். நல்ல முயற்சிதான், உள்ளூராருக்கும் நாலு காசு கிடைக்கிறது. அன்று நாங்கள் எட்டுப் பேரும் அந்த மூதாட்டியின் பேத்திக்குப் பின்னால் ஆறாம் நம்பர் மலையில் ஏறிய பாதை எந்த வரைபடத்திலும் இருக்காது. அரை மணி நேர ஏற்றம். மேலே போனதும் அந்தப் பெண் ஓரிடத்தில் நின்று, "இந்தா, இங்க" என்றாள். அடையாளம் என்று எதுவுமில்லை. மற்ற இடத்தைப் போலவே தேயிலை. ஆனால் நிரைக்கு நடுவே செல்லும் காலடித் தடம் அவ்விடத்தில் மட்டும் விலகி, வளைந்து சென்றிருந்தது.

அக்கா அங்கே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி, "அண்ணி, ஈரம்" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் பாட்டி இந்த மலையில் இருக்கிறார் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். நான் சொல்லவில்லையே.

இறங்கி வரும்போது குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஆறாம் நம்பர் மலை, மேக்கானுக்கு மேல், ஒற்றைப் பாறையிலிருந்து இடப்பக்கம் பதினோராம் நிரை. நிருபனாக எடுத்த குறிப்புகளில் இவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை.

இப்போது, ஏன் இதை எழுதுகிறேன் என்பதைச் சொல்கிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். லயங்கள் மண்ணுக்குள் போன செய்திகளை அலுவலகத்தில் இருந்து தொகுத்துக்கொண்டிருந்த இரவில் அக்கா கோத்தகிரியிலிருந்து அழைத்தார். அவர் எதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும், தோட்டத்துக்கு அழைத்துப் பார்த்துத் தொடர்பு கிடைக்காமல் இருந்தேன். அக்கா முதலில் கேட்டது, "லயத்துச் சனமெல்லாம் எப்படித் தம்பி?" என்றுதான். அம்மாவைப் பற்றிக் கேட்டது அதற்குப் பிறகே.

இரண்டு நாள் கழித்து அந்த மூதாட்டியின் பேத்தியோடு பேச முடிந்தது. லயத்தார் எல்லோரும் தோட்டத்துப் பாடசாலையில் தங்கியிருந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. ஆறாம் நம்பர் மலையில் மேக்கானின் கீழ்ப்பக்கம் சரிந்திருக்கிறது. மேற்பக்கம் நிற்கிறது. அடுத்த மழைக்கும் நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் குறிப்பேட்டில் மட்டும் இருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

இப்போதெல்லாம் யாராவது ஊர் எங்கே என்று கேட்டால், தோட்டத்தின் பெயரையும் சொல்கிறேன்.